பட்டு எடுக்க வந்தவர் பசியோடு திரும்பலாமா?



திருமணம் உறுதியானவுடன் நம் இல்லங்களில் அடுத்து எழுவது கூறைப் புடவைப் பேச்சே. கூறை என்றால் காஞ்சிபுரம் என்பது தமிழ்நாட்டில் சமய வேறுபாடின்றி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று. பாஸ்கா விழாவுக்குப் பின் திருமணம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவும் தவக்காலத்திலேயே காஞ்சிக்குச் சென்று பட்டு எடுத்து வருகின்றன. என்ன நிறம், எத்தனை அங்குலக் கரை, எவ்வளவு சரிகை என்று பல வாரங்கள் கலந்து பேசுகிறோம். ஆனால் ஒரு பகல் முழுதும் அவ்வூரில் இருக்கப் போகிறோமே, குழந்தைகளும் முதியோரும் உடன் வருகிறார்களே, எங்கே உண்பது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. பசி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். பசி வந்தபின் தேடுகிறவன் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில்லை, அகப்பட்டதை உண்கிறான். இதனை நாமே பட்டறிந்த கதையை இத்திங்கள் சொல்லக் கருதுகிறோம்.

முதற் பயணம்

நம் மைத்துனர் நெடுங்காலமாகப் பினாங்கில் வாழ்பவர். தம் மகளின் திருமணத்தைத் தாயகத்தில் நடத்த விரும்பிக் குடும்பத்தோடு வந்திருந்தார். மாசித் திங்களில் ஒரு நாள் எழுவராகக் காஞ்சிக்குப் புறப்பட்டோம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். நகருக்குள் வண்டி நுழையும் இடத்திலேயே இளைஞர் ஒருவர் இருசக்கர வண்டியில் உடன் வந்து, நெசவாளர் வீட்டு விலைக்கே பட்டு காட்டுவதாகக் கூறி முன்னே சென்றார். நாமும் பின்னே சென்றோம். புடவைக் கடையில் மணி இரண்டாயிற்று. குழந்தைகள் பசியால் முகம் வாடினர். அதே இளைஞர், "ஊரிலேயே இதுதான் சிறந்த சாப்பாடு" என்று ஓர் உணவு விடுதியைக் காட்டினார்.

அங்கே உணவுப் பட்டியல் ஒரு சிறு நூலாகவே இருந்தது. வடநாட்டுக் குழம்பு வகைகளும் சீன நாட்டு உணவும் அதில் இருந்தன. காஞ்சிபுரம் இட்லியும் இருந்தது. வந்த சோறு ஆறியிருந்தது. சாம்பார் மட்டும் கொதித்தது. ஆறிய சோற்றுக்குக் கொதிக்கும் சாம்பார் வருமாயின், அந்தச் சாம்பார் எத்தனையாவது முறை அடுப்பேறியது என்று இல்லத்தரசியர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் கை கழுவித் திரும்பியபோது, நம்மை அழைத்து வந்தவர் கல்லாவின் அருகில் நின்று தமக்குரிய பங்கை எண்ணிக்கொண்டிருந்தார். நாம் செலுத்திய தொகையில் சோற்றுக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்பது அப்போதுதான் விளங்கிற்று. அன்றிரவு மணப்பெண்ணுக்கும் அவள் அத்தைக்கும் வயிற்று நோவு. இரண்டு நாள் வெறும் கஞ்சியே உணவாயிற்று.

மைத்துனர் மனம் நொந்து, "அத்தான், பினாங்கில் மொழி தெரியாத வெள்ளைக்காரன்கூட ஐந்து நிமிடத்தில் நல்ல சோறு கண்டுபிடிக்கிறான். நம் மொழி பேசும் ஊரில் நம்மால் முடியவில்லையே, ஏன்?" என்றார். அக்கேள்விக்கு நம்மிடம் உடனே விடையில்லை.

பினாங்கு கற்பிக்கும் பாடம்

பினாங்கில் அவன் எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்று நாம் திருப்பிக் கேட்டோம். மைத்துனர் கூறியவற்றின் சாரம் இது. அங்கே தெருவோரக் கடை ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே ஓர் உணவைச் செய்கிறது. ஒருவர் வாழ்நாள் முழுதும் ஒரே வகைச் சேவையைச் சமைக்கிறார்; அடுத்தவர் வாழ்நாள் முழுதும் ரொட்டி தட்டுகிறார். 'நாசி கண்டார்' என்னும் புகழ்பெற்ற உணவைத் தொடங்கியவர்கள் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களே. மலாய் மொழியில் 'நாசி' என்பது சோறு. 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. ஒருபுறம் சோற்றுப் பானை, மறுபுறம் குழம்புப் பானை எனத் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்க்குச் சோறு விற்றவர்கள் அவர்கள். உழைப்பாளியின் பசிக்காகச் சமைத்த சோறு, இன்று உலகப் பயணியர் தேடி வரும் விருந்தாகிவிட்டது.

அண்டை நாடான சிங்கப்பூரோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. தெருவோர உணவுக் கடையினரை விரட்டிவிட்டு வாளாவிருக்காமல், 1971 முதல் 1986 வரை அவர்களைத் தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் உள்ள உணவங்காடி நிலையங்களில் குடியமர்த்தியது. 2020 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அந்த உணவங்காடிப் பண்பாட்டை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே பயணி அறிய வேண்டிய நெறி ஒன்றே: ஊரார் தம் அன்றாடப் பசிக்கு எங்கே செல்கிறார்களோ அங்கே செல்லுதல், அவர்கள் உண்ணும் வேளையில் உண்ணுதல், அவ்வூர் எதனை நன்றாகச் செய்யுமோ அதனைக் கேட்டல். இந்நெறியைக் கைக்கொண்டு மீண்டும் ஒருமுறை காஞ்சியைப் பார்ப்பதென்று உறுதி செய்தோம். நெய்யச் சொல்லியிருந்த கூறையைப் பெற்றுவர எப்படியும் பங்குனியில் செல்ல வேண்டியிருந்தது.

பசி தீர்த்த ஊர்

காஞ்சி, வந்தவர்க்குச் சோறிடத் தெரியாத ஊரன்று. சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி, அமுதசுரபியோடு பல ஊர்களுக்குச் சென்றவள். மழையின்றிப் பஞ்சத்தால் வாடிய காஞ்சி மாநகருக்கு வந்து, பல மொழி பேசுவோரும் உடற்குறை உற்றோரும் ஆதரவற்றோருமாகத் திரண்ட மக்கள் அனைவர்க்கும் அவள் உணவளித்ததாகக் காப்பியம் கூறுகிறது. 7 ஆம் நூற்றாண்டில் இந்தியா முழுவதும் சுற்றிய சீனப் பயணி யுவான் சுவாங்கும் காஞ்சியைத் தம் குறிப்புகளில் எழுதி வைத்தார். கல்வி தேடி வந்தவர்கள், கோயில் தேடி வந்தவர்கள், வணிகம் தேடி வந்தவர்கள் என ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெளியூர்க் கால்கள் மிதித்த ஊர் அது.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. வரதராசப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளும் அத்திவரதர் விழா 1939, 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றது. 2019 இல் ஜூலை, ஆகஸ்ட் திங்களில் நிகழ்ந்த அவ்விழாவுக்கு வந்தோர் தொகை ஒரு கோடி அளவில் இருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. அந்நாட்களில் தெருத்தெருவாக நின்று மோரும் சோறும் வழங்கியவர்கள் அவ்வூர் மக்களே. ஆக, காஞ்சியில் நல்ல சோற்றுக்குக் குறைவில்லை; தேடும் முறையில்தான் நமக்குக் குறை இருந்தது.

இட்லி ஒன்றன் வரலாறு

காஞ்சியின் பெயரைத் தாங்கிய உணவு காஞ்சிபுரம் இட்லி. கோயில் இட்லி என்றும் குடலை இட்லி என்றும் வழங்குவர். சின்னக் காஞ்சிபுரத்தில் உள்ள வரதராசப் பெருமாள் கோயிலின் மடைப்பள்ளியில் படையலாகச் செய்யப்படுவது. பச்சரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, வெண்ணெய்போல் அரைக்காமல் சற்றுக் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க விடுவர். மிளகு, சீரகம், சுக்கு, நெய் முதலியன சேர்ப்பர். மூங்கிலால் பின்னிய நீண்ட குடலையின் உட்புறம் மந்தாரை இலையை அடுக்கி, மாவை ஊற்றி, ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பர். வெந்தபின் குடலையிலிருந்து எடுத்தால், உருளைக் கட்டைபோல் நிற்கும். அதனைத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுப்பர்.

இந்த இட்லியில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. முதலாவது, இதில் மிளகாய் இல்லை. மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக 16 ஆம் நூற்றாண்டில் நம் நாட்டிற்கு வந்த பொருள். அதற்கு முன்பு தமிழர் நாவுக்குக் காரம் தந்தது மிளகே. அந்தப் பழைய சுவை மரபு இந்த இட்லியில் இன்றும் நிலைத்திருக்கிறது. இரண்டாவது, மிளகும் சுக்கும் சீரகமும் செரிமானத்திற்குத் துணை செய்வன என்பது நம் பாட்டியர் அறிந்த வைத்தியம். மூன்று மணி நேரம் வெந்து, நெய்யும் சேர்ந்திருப்பதால் எளிதில் கெடுவதில்லை. வழிநடைக்கு ஏற்ற உணவு வேறு என்ன வேண்டும்?

இட்லிக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் உறவு கூறுவாரும் உளர் என்று நாம் சொல்லக் கேட்ட மைத்துனர் வியப்புற்றார். உணவு வரலாற்று அறிஞர் கே. டி. அச்சயா எழுதியதைச் சுருக்கிக் கூறினோம். 10 ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான 'வட்டாராதனெ' இட்டலிகெ என்னும் உணவைக் குறிப்பிடுகிறது. ஆனால் பழங்கால இட்லி உளுந்தால் மட்டுமே செய்யப்பட்டது. அரிசி சேர்த்தல், நெடுநேரம் புளிக்க வைத்தல், ஆவியில் வேகவைத்தல் ஆகியவை அதில் இல்லை. யுவான் சுவாங்கும் தம் காலத்து இந்தியாவில் ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இல்லை என்று எழுதினார். எனவே 800 முதல் 1200 வரையான காலத்தில், இந்தோனேசியத் தீவுகளை ஆண்ட இந்து மன்னர்களோடு இங்கு வந்துசென்ற சமையற்காரர்கள் இந்த முறையைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது அச்சயாவின் கருத்து. எல்லோரும் இதனை ஏற்றுக்கொள்ளவில்லை. துணியில் பொருளை வைத்துப் பானையின் வாயில் கட்டி வேகவைக்கும் வழக்கம் இங்கேயே இருந்திருக்கலாம் என்று மறுப்போரும் உண்டு. எவ்வாறாயினும், காஞ்சியிலிருந்து எழுத்தும் சிற்பமும் கடல் கடந்து சென்ற காலத்தில், அங்கிருந்து ஒரு சமையல் நுட்பம் இங்கு வந்திருக்குமாயின் அதில் நமக்கு என்ன இழிவு? கொடுத்தவர் கொள்ளவும் செய்திருப்பர்.

நல்ல கோயில் இட்லியை எப்படி அறிவது? நகரத்து உணவு விடுதிகள் பலவற்றில் இப்பொழுது குடலைக்கு மாற்றாக எவர்சில்வர் டம்ளரிலோ கிண்ணத்திலோ ஊற்றி வேகவைக்கிறார்கள். மஞ்சளும் முந்திரியும் சேர்த்து அழகு செய்கிறார்கள். அது தவறன்று, சுடச்சுடத் தந்தால் உண்ணலாம். ஆனால் மந்தாரை இலையின் மணம் அதில் இராது. அந்த மணமே குடலை இட்லியின் உயிர். உண்மையான குடலை இட்லி பஞ்சுபோல் இராது. கையில் எடுத்தால் கனக்கும், பல்லுக்குச் சற்றுக் கொரகொரக்கும், சட்டினி இல்லாமலே இறங்கும். வரதராசப் பெருமாள் கோயிலின் பிரசாதக் கடையில் வினவினால், அன்றைக்குக் கிடைக்குமா என்று சொல்லிவிடுவார்கள். காலையிலேயே கேட்டுவிடுதல் நன்று.

வேளை அறிந்து உண்ணுதல்

காஞ்சியில் உணவின் கடிகாரத்தைக் கோயில்களும் தறிகளும் முடிவு செய்கின்றன. ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராசர் ஆகிய பெருங்கோயில்கள் நண்பகலில் நடைசாத்தி மாலை 4 மணியளவில் திறக்கும். வெளியூரார் பலர் இதனை அறியாமல் 12 மணிக்கு மேல் வந்து, அடைத்த கதவின்முன் வெயிலில் நிற்கின்றனர். அந்த நான்கு மணி நேரமே தரகர்களின் அறுவடைக் காலம். அறிந்தவர் காலையில் கட்டடக் கலையைப் பார்த்துவிட்டு, 12 மணிக்கே உணவுக்கு அமர்ந்து, பிறகு பட்டுக் கடைக்குச் செல்வர். வயிறு நிறைந்தவன் விலை பேசினால் நிதானமாகப் பேசுவான்; பசித்தவன் விரைவில் தலையசைத்துவிடுவான். புடவை எடுக்கும் பெண்களுக்கு இதனை வலியுறுத்திச் சொல்லுகிறோம்.

காலைச் சிற்றுண்டிக்கு 7 மணி முதல் 9 மணி வரை சிறந்த வேளை. அப்போது அடுப்பு ஓயாது. இட்லித் தட்டு இறங்க இறங்கத் தீரும். காந்தி சாலையிலும் பேருந்து நிலையத்தைச் சூழ்ந்த தெருக்களிலும் சைவ உணவகங்கள் பல உள்ளன. நண்பகல் இலைச்சாப்பாட்டிற்குப் பன்னிரண்டரை மணியைத் தாண்டாமல் செல்ல வேண்டும். முதற் பந்தியின் சோறு வேறு, மூன்றாம் பந்தியின் சோறு வேறு.

புலால் உண்போர்க்கும் ஒரு சொல். காஞ்சிக்கு அருகே ஓடும் பாலாற்றின் கரையிலேதான் ஆற்காடும் ஆம்பூரும் வாணியம்பாடியும் உள்ளன. அந்தப் பிரியாணி மரபு இப்பக்கமும் பரவியுள்ளது. கத்தரிக்காய்க் குழம்பும் தயிர் வெங்காயமும் உடன் வரும். ஒரே ஒரு பெரிய பானை வைத்து, நண்பகலில் மூடி திறந்து, பானை தீர்ந்ததும் கடை மூடுகிறவரிடமே உண்ண வேண்டும். இரவு பத்து மணிக்கும் பிரியாணி தீராத கடை நமக்கு வேண்டாம். தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் புலால் தவிர்க்கும் குடும்பங்களுக்கோ, காஞ்சியைப்போல் எளிதான ஊர் அரிது.

திண்ணையில் ஓர் அடுப்பு

இனி, நம் இரண்டாம் பயணத்தில் கண்டதைச் சொல்லுகிறோம். இம்முறை விடியுமுன் புறப்பட்டு, ஆறரை மணிக்கெல்லாம் நெசவாளர் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் இறங்கினோம். தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, நான்கைந்து பேர் இழை சிக்கெடுத்துக்கொண்டிருந்தனர். இளவெயில் பட்டு அந்த இழைகள் நீர்போல் மின்னின. பாவுக்கு உறுதி தர அரிசிக் கஞ்சி தோய்த்து வெயிலில் உலர்த்துவது அவர்கள் வழக்கம். தறிக்கும் கஞ்சி, தறிகாரர்க்கும் கஞ்சி என்று மைத்துனர் நகைத்தார்.

வேலை செய்தவர்களிடம், "காலையில் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டோம். நல்ல உணவகம் எது என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் அவர்களும் காந்தி சாலையைக் காட்டியிருப்பார்கள். அவர்கள் காட்டியது நான்கு வீடு தள்ளி ஒரு திண்ணை. பெயர்ப் பலகை இல்லை. ஓர் அடுப்பு, ஓர் இட்லிப் பானை, இரண்டு தூக்குகள். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், "வாங்க ஐயா, பிள்ளைகளை முதலில் உட்கார வையுங்க" என்று வரவேற்றார். வாழையிலைத் துண்டில் இட்லியும், நிலக்கடலைச் சட்டினியும், பூண்டு மணக்கும் மிளகாய்ப் பொடியும் வந்தன. அது கோயில் இட்லி அன்று. நாள்தோறும் வீட்டில் செய்யும் வெள்ளை இட்லி. ஆனால் மணப்பெண் ஏழு தின்றாள். எழுவரும் வயிறார உண்டும், முன்முறை இருவருக்கு ஆன தொகைகூட ஆகவில்லை.

உள்ளே தறிச் சத்தம் கேட்டது. அவர் கணவர் நெய்துகொண்டிருந்தார். கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைப் புடவைக்கு ஒருவர் கை போதாது. நாடாவை வாங்கித் திருப்பித்தர மற்றொருவர் வேண்டும். அந்த மற்றொருவர் இந்த அம்மையாரே. ஒன்பது மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டுத் தறியில் அமர்வாராம். "இரண்டு வேலை கடினமாக இல்லையா அம்மா?" என்று கேட்டோம். "மழை பெய்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும் ஐயா. பாவும் காயாது. அந்த மாதங்களில் தறி சோறு போடாது, இந்தப் பானைதான் போடும்" என்றார்.

நாம் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதன் பெயர் உலகெங்கும் தெரியும். ஆயினும் அதன் விலையில் பட்டு நூலுக்கும் சரிகைக்கும் கடைக்கும் போக, தறியில் அமர்ந்த கைகளுக்கு வருவது சிறு பங்கே. பட்டு வாங்க வரும் நாம் அந்தப் பங்கை ஒரே நாளில் உயர்த்திவிட இயலாது. ஆனால் அதே தெருவில் ஒரு வேளை உண்ண இயலும். அந்தப் பணம் தரகர் கைக்குப் போகாமல் தறி வீட்டு அடுப்பங்கரைக்கே போகும். முதற் பயணத்தில் நாம் பெற்றது வயிற்று நோவு மட்டுமன்று. காஞ்சியில் உண்டும் காஞ்சி மக்களுக்கு ஒன்றும் தராமல் திரும்பிய பிழையும் நம்முடையதே. இரண்டும் ஒரே வழியில் தீர்ந்தன என்பதே நாம் கண்ட உண்மை. பயணிக்கு நல்ல உணவு எதுவோ, அதுவே ஊருக்கும் நன்மை தருவது.

புறப்படும்போது, அந்த அம்மையார் மணப்பெண்ணின் கையைப் பற்றி, "எந்த வண்ணம் எடுத்தாய், கண்ணே?" என்று கேட்டார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை என்றாள். "நல்ல சேர்க்கை. நீரில் முதன்முறை நனைக்கும்போது கரையைத் தனியாகப் பிடித்துக்கொள்" என்று அறிவுரை சொன்னார். கடையில் இத்தனை நேரம் நின்றும் இதனை ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை.

குடும்பத்தோடு செல்வோர் கருத்திற்கு

1. வாகனத்தைத் தொடர்ந்து வந்து வழிகாட்ட முன்வருவோரை நன்றி கூறி அனுப்பிவிடுங்கள். எங்கே உண்பது என்பதை வேலையில் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். அவர் உங்களால் ஆதாயம் அடையாதவராக இருக்க வேண்டும்.

2. பட்டியல் நீண்டிருந்தால் எச்சரிக்கை கொள்க. பத்து உணவு செய்யும் அடுப்பில் பத்தும் புதிதாக இருக்கலாம்; நூறு உணவு செய்யும் அடுப்பில் அது அரிது.

3. கண்ணெதிரே வேகும் உணவையே குழந்தைகளுக்குக் கொடுங்கள். ஆவி பறக்கும் இட்லியும் இடியாப்பமும் அச்சமற்றவை. நறுக்கி வைத்த பழமும், பனிக்கட்டி இட்ட சாறும், நீர் கலந்த சட்டினியும் வெயில் காலத்தில் ஐயத்துக்கு உரியவை. குடிநீரை வீட்டிலிருந்தே காய்ச்சி எடுத்துச் செல்லுதல் பழமையான வழக்கமாயினும் சிறந்த வழக்கம்.

4. எண்ணெய்ச் சட்டியை ஒருமுறை நோக்குங்கள். கறுத்து நுரைக்கும் எண்ணெயில் பொரித்த வடை எவ்வளவு சூடாக இருந்தாலும் தீங்கே. 2006 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உணவு விற்போர் உரிமமோ பதிவோ பெற்றிருக்க வேண்டும். பெரிய விடுதிகளில் அச்சான்று சுவரில் இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை.

5. கைப்பொருள் குறைந்தோர் வருந்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பல கோயில்களில் 2002 இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தின்படி நண்பகலில் சோறிடுகிறார்கள். உண்ட இலையை நாமே எடுத்தல் மரியாதை.

6. திண்ணைக் கடையில் பேரம் பேசாதீர். பல்லாயிரம் ரூபாய்ப் புடவைக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, இட்லிக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லுவது நமக்கு அழகன்று.

நிறைவாக

காஞ்சிக்குச் செல்லுவோர்க்கு மட்டும் இதனை எழுதவில்லை. நம் ஊர்களுக்கும் வெளியூரார் வருகின்றனர். செப்டம்பர் 8 ஆம் நாள் திருவிழாவுக்காக வேளாங்கண்ணியை நோக்கி நடந்து வருவோர் நம் தெருக்களின் வழியேதான் செல்கின்றனர். "இங்கே எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும்?" என்று அவர்கள் கேட்கும்போது நாம் எங்கே கை காட்டுகிறோம்? பலகை பெரிதாக உள்ள இடத்தையா, அல்லது நாமும் நம் பிள்ளைகளும் உண்ணும் இடத்தையா? அந்நியன் பசியாக இருக்கையில் நாம் காட்டும் திசையிலேயே நம் விருந்தோம்பல் தொடங்குகிறது.

மைத்துனர் திருமணம் முடித்துப் பினாங்கு திரும்பிவிட்டார். சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். அங்கே காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் புறப்படும் நண்பர் ஒருவர் அவரிடம் எந்தக் கடை நல்லது என்று கேட்டாராம். "கடையைப் பிறகு சொல்லுகிறேன், காலை ஆறரை மணிக்கு எந்தத் திண்ணைக்குப் போக வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று விடை கூறினாராம்.